வீடற்றவர்களுக்காக ஓடி நிதி திரட்டப் போகிறீர்களா? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2020 ஏப்ரலில் பிரிட்டனைச் சேர்ந்த டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், தன் நூறாவது பிறந்தநாளுக்குள் வீட்டுத் தோட்டத்தில் நூறு நடை நடக்கப் போவதாக அறிவித்தார். தோட்டத்தின் நீளம் 25 மீட்டர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நூறு நடையும் முடித்தபோது அவர் கடந்திருந்த தூரம் மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். பொது மருத்துவச் சேவைக்குத் துணைநிற்கும் தொண்டு அமைப்புகளுக்காக 1,000 பவுண்டு சேர்ந்தால் போதும் என்று தொடங்கியது, 3 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டிப் போனது.

அப்படியொரு தொகை எல்லோருக்கும் வராது. ஆனால் பணம் கிலோமீட்டருக்கு வருவதில்லை என்பதை அதில் பார்க்கலாம். யார் செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், அவருக்கு அது எவ்வளவு சிரமம் என்பதைப் பார்த்து வருகிறது. எல்லாவற்றுக்கும் மேல், கேட்டால்தான் வருகிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் காலுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு, கேட்பதற்கு ஒரு சாயங்காலத்தை மட்டும் ஒதுக்குகிறார்கள். சவால் நாள் வரும்போது கால் தயாராக இருக்கும், இணையத்தில் தொடங்கிய நன்கொடைப் பக்கத்தில் ஐந்தாறு பெயர்தான் இருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் உடற்பயிற்சியைவிடக் கேட்கிற வேலைக்கே அதிக இடம்.

யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

சவாலைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் அமைப்பைத் தேடுவதுதான் வழக்கம். மாற்றிச் செய்யுங்கள். வீடற்றவர்கள் என்றதும் நடைபாதையில் படுத்திருப்பவர்தான் கண்ணில் வருவார். ஆனால் இரவுக் காப்பகத்தில் தங்குபவர்களும், இந்த வாரம் ஒரு நண்பர் வீடு அடுத்த வாரம் இன்னொருவர் வீடு என்று நாளைக் கடத்துபவர்களும் வீடற்றவர்களே. கணவனின் அடிக்குத் தப்பிக் குழந்தையோடு வெளியேறிய பெண், மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து போக இடமில்லாதவர், விடுதியில் வளர்ந்து வயது வந்ததும் அனுப்பப்பட்ட இளைஞர் என்று ஒவ்வொருவரின் தேவையும் வேறு. அதற்கேற்ப அமைப்புகளின் வேலையும் வேறு. சில அமைப்புகள் சாப்பாடும் போர்வையும் தருகின்றன. சில காப்பகம் நடத்துகின்றன, சில அடையாள ஆவணங்கள் வாங்கித் தருகின்றன, சில மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கின்றன. வாடகை முன்பணம் கட்டி நிரந்தரமாக ஒரு வீட்டில் குடியமர்த்துகிறவையும் உண்டு.

இந்தக் கடைசி வகைக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது. குடியை விடு, வேலை தேடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, அப்புறம் வீடு தருகிறோம் என்பதுதான் பல இடங்களில் நடைமுறை. 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஓர் அமைப்பு இதைத் தலைகீழாக்கியது: முதலில் சாவியைக் கொடுப்போம், மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருந்தபடி பார்த்துக்கொள்ளலாம் என்றது. பின்லாந்து 2008 முதல் இதையே தேசியத் திட்டமாக எடுத்துச் செய்ததில், நீண்ட காலம் வீடில்லாமல் இருந்தவர்களின் எண்ணிக்கை அங்கே நன்றாகவே குறைந்தது. என்னைக் கேட்டால், வாய்ப்பிருக்கும் பட்சத்தில் வீடு பிடித்துக் கொடுக்கும் அமைப்புக்கே திரட்டச் சொல்வேன். அதற்காகப் போர்வை கொடுப்பவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. குளிரில் நடுங்குகிறவரிடம் கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது.

ஓர் அமைப்பை மனதில் வைத்ததும் போன் செய்யுங்கள். பதிவு எண் என்ன, கடைசியாக வெளியிட்ட வரவுசெலவுக் கணக்கு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். நன்கொடையாளருக்கு ரசீது வருமா, வரிச்சலுகை உண்டா, அவர்கள் பெயரையும் லோகோவையும் நீங்கள் பயன்படுத்தலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: “ஒருத்தரை ஒரு மாசம் தங்க வைக்க உங்களுக்கு எவ்வளவு செலவாகுது?” அந்தப் பதிலை வைத்துத்தான் பின்னால் நீங்கள் நூறு பேரிடம் பேசப் போகிறீர்கள். சின்ன அமைப்புகளில் பதில் தாமதமாக வரலாம். அங்கே போன் எடுப்பவரும் சமையலுக்குச் சாமான் வாங்கப் போகிறவரும் ஒரே ஆளாக இருப்பார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கைக் கேட்டதும் குரல் மாறினால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அவர்களிடம் தங்கியிருப்பவர்களில் யாராவது உங்களோடு சேர்ந்து நடக்கவோ ஓடவோ விரும்புகிறார்களா? 2007-ல் பிலடெல்பியாவில் தொடங்கிய ‘பேக் ஆன் மை ஃபீட்’ அமைப்பு இதையே வேலையாகச் செய்கிறது. காப்பகத்தில் இருப்பவர்களும் வெளியிலிருந்து வரும் தொண்டர்களும் விடியற்காலையில் சேர்ந்து ஓடுகிறார்கள். வீடற்றவர்களே நாட்டுக்கு ஓர் அணியாக ஆடும் கால்பந்து உலகக் கோப்பை 2003-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தொடங்கியது. ‘அவர்களுக்காக நாம்’ என்று மட்டும் யோசித்தால் இதெல்லாம் நமக்குத் தோன்றாது.

சவாலைத் தேர்ந்தெடுப்பது

உங்களுக்குக் கடினமாக இருக்க வேண்டும், உங்களைத் தெரிந்தவர்களுக்கும் அது கடினம் என்று தெரிய வேண்டும். ஏற்கெனவே வாரம் 50 கிலோமீட்டர் ஓடுகிறவர் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பணம் கேட்டால் யாருக்கும் கை பைக்குள் போகாது. அதே 10 கிலோமீட்டரை, மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர் நடக்கப் போகிறார் என்றால் ஆர்வம் வரும்.

ஓட்டம்தான் என்றில்லை. நடை, சைக்கிள், நீச்சல், படிக்கட்டு, கயிறு தாண்டுதல், தண்டால், பஸ்கி என்று எதுவும் சவால்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதிலேயே தூரம் கடக்கலாம். ஒரே நாளில் முடிகிற சவால் பரபரப்பாக இருக்கும், ஆனால் அன்று காய்ச்சல் வந்துவிட்டால் எல்லாம் தள்ளிப்போகும். முதல்முறைக்கு ஒரு மாதச் சவாலையே நான் பரிந்துரைப்பேன். தினமும் ஒரு சிறிய அளவு, கடைசி நாளில் ஒரு பெரிய அளவு. மாதம் முழுக்கப் பேசுவதற்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கும், இரண்டு நாள் தவறினாலும் ஈடுகட்டிவிடலாம். முடியும் நாளை அக்டோபர் 10-க்கு வைத்துக்கொள்வது நல்லது. 2010 முதல் அது உலக வீடற்றோர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது, அமைப்புகளும் அந்தச் சமயத்தில் சுறுசுறுப்பாக இருக்கும்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கிழிந்த சட்டை போட்டு, அட்டைப்பெட்டியைச் சுமந்து, வீடற்றவர் வேடத்தில் ஓடுவது. அதேபோல, ஓர் இரவு வெளியே படுத்துவிட்டு “அவர்கள் வலி புரிந்துவிட்டது” என்று எழுதுவதும் வேண்டாம். காலையில் திரும்பிப் போக நமக்கு வீடு இருக்கிறது.

நுழைவுக் கட்டணம், ஷூ, டீஷர்ட், பயணச் செலவு எல்லாம் உங்கள் கையிலிருந்து. திரட்டும் பணத்தில் ஒரு காசுகூட அதற்குப் போகாது என்பதை நன்கொடைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்க நினைத்தும் கேட்காமல் விடுகிற கேள்வி அது.

உடம்பைத் தயார் செய்வது

இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுத் தொல்லை இருந்தாலோ, ரொம்ப நாளாக உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தாலோ, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதன்பிறகு நிதானம்தான் எல்லாம்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 150-ஐ எட்டுவதே உங்கள் முதல் இலக்காக இருக்கட்டும். ஓட்டம் என்றால், 1996-ல் ஜோஷ் கிளார்க் என்பவர் உருவாக்கிய ‘கவுச் டு 5கே’ முறை இன்றும் நல்ல தொடக்கம். வாரத்துக்கு மூன்று நாள், ஒன்பது வாரம். முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறிப் போகும். சோபாவிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்காகவே போட்ட திட்டம் அது. எவ்வளவு வேகம் என்ற குழப்பமே வேண்டாம்: ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். ஒவ்வொரு வாரமும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஓய்வு நாளை விழுங்கிவிட்டுப் பயிற்சி செய்வது வீரம் கிடையாது.

பயிற்சிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை முழுக்க வலிப்பது சாதாரணம், தானாகப் போய்விடும். ஒரே இடத்தில் குத்துகிற வலி, நடக்க நடக்க அதிகமாகிற வலி, மூட்டு வீக்கம் இதெல்லாம் வேறு கதை. நிறுத்திவிட்டுக் காட்டிக்கொள்ளுங்கள். நெஞ்சு அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் சவாலை அந்த நிமிடமே விடுங்கள். உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

நீண்ட தூரம் போகிறவர்களுக்குத் தண்ணீர் விஷயம். நிறையக் குடித்தால் நல்லது என்று நினைத்துத் தாகமே இல்லாமல் லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியிருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், அது போதும்.

பாதத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் குதிகாலிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ சுருக்கென்று ஒரு சூடு தெரியும். அப்போதே நின்று, ஷூவைக் கழற்றி, இடத்தைத் துடைத்து, ஒட்டும் பிளாஸ்திரி போட்டுவிட்டால் தப்பித்தீர்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று போனால், தோல் உரிந்து ஒரு வாரம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பருத்தி சாக்ஸைவிடச் சீக்கிரம் காய்கிற சாக்ஸ் நல்லது. புது ஷூவைச் சவால் நாளன்று போடவே போடாதீர்கள். இதை அனுபவிக்கும்போது இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: தெருவில் வாழ்கிறவர்கள் நாள் முழுக்க நடக்கிறார்கள், அளவில்லாத செருப்பில், நனைந்தால் மாற்ற வழியில்லாத சாக்ஸில். அவர்களுக்கு மருத்துவம் பார்க்கிறவர்கள் அடிக்கடி காண்பவை பாதத்துப் புண்ணும் பூஞ்சைத் தொற்றும். உங்கள் கொப்புளத்தைப் பற்றி எழுதுகிற அன்று இதையும் சேர்த்து எழுதலாம். நிதி திரட்டுபவர் வலிந்து தேடாமலே கிடைக்கிற தொடர்பு இது.

நன்கொடைப் பக்கம்

பணம் நேராக அமைப்பின் கணக்குக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அமைப்பே பக்கம் அமைத்துத் தரும், இல்லாவிட்டால் நிதி திரட்டும் தளங்களில் அந்த அமைப்பைப் பயனாளியாக வைத்துத் தொடங்கலாம். தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கிறது, பணப்பரிமாற்றத்துக்குத் தனியாகப் பிடிக்கிறதா என்று முன்பே பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் வாங்குவது சுலபமாகத் தோன்றும். வேண்டாம். உங்கள் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் வரி, ரசீது, கணக்கு எல்லாம் உங்கள் தலையில் விழும். யாராவது கையில் ரொக்கம் திணித்தால், அவர் எதிரிலேயே பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டு, அன்றே பக்கத்தில் செலுத்தி, ரசீதை அனுப்பிவிடுங்கள்.

டாம் மூர் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 2020-ல் அவர் நடந்து திரட்டிய பணத்தில் எந்தப் பிரச்சினையும் எழவில்லை. ஆனால் அவர் பெயரில் குடும்பத்தினர் தொடங்கிய வேறோர் அறக்கட்டளையை பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் விசாரித்து, நிர்வாகத்தில் முறைகேடுகள் இருந்ததாக 2024-ல் அறிக்கை வெளியிட்டது. மக்கள் அவ்வளவு நேசித்த பெயருக்கே அந்த நிலை என்றால், கணக்கு விஷயத்தில் நாம் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தில் எழுதுவது ஐந்தாறு வரி போதும். நீங்கள் யார், என்ன செய்யப் போகிறீர்கள், அது உங்களுக்கு ஏன் கஷ்டம், பணம் எங்கே போகிறது, எவ்வளவு தேவை, எப்போது முடிகிறது. இலக்கை உங்களுக்குத் தெரிந்தவர்களை எண்ணி வையுங்கள். தனித்தனியாகக் கேட்கக்கூடிய 60 பேர் இருந்தால் பாதிப்பேர் கொடுப்பார்கள் என்று வைத்து, வழக்கமாகக் கொடுக்கக்கூடிய தொகையால் பெருக்கிப் பாருங்கள். எட்டிவிட்டால் இலக்கை உயர்த்திக்கொள்ளலாம். எட்ட முடியாத இலக்கு கொடுக்க வருகிறவரைச் சோர்வடையச் செய்யும்.

படம் போடும்போது கவனம். தெருவில் தூங்குபவரின் படத்தை எடுத்துப் போடாதீர்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிற செல்ஃபியும் வேண்டாம். தூங்குகிறவர் அனுமதி தர முடியாது. விழித்திருப்பவர்கூட, உதவி செய்யும் ஆளிடம் மாட்டேன் என்று சொல்லத் தயங்குவார். வியர்த்து வழிகிற உங்கள் முகத்தைப் போடுங்கள், அதுதான் வேண்டியவர்களைச் சிரிக்க வைத்துப் பக்கத்துக்குக் கொண்டுவரும்.

இனி, கேட்பது

கூச்சம் இருக்கும். நமக்கெல்லாம் காசு கேட்பதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லை, இதை உங்களுக்கே இரண்டு மூன்று முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதல் நன்கொடை உங்களுடையது. அடுத்து, பக்கத்தை வெளியே சொல்வதற்கு முன்பே, கட்டாயம் கொடுப்பார்கள் என்று தெரிந்த ஐந்து முதல் பத்துப் பேரிடம் தனியாகக் கேளுங்கள். வெளியார் பார்க்க வரும்போது பக்கம் பூஜ்யத்தில் நிற்கக் கூடாது. பெரிய மனது கொண்டவரை முதலில் கேளுங்கள். முதலில் தெரிகிற தொகையைப் பார்த்துத்தான் பின்னால் வருகிறவர் தன் தொகையை முடிவு செய்கிறார். அப்புறம் சொந்தக்காரர்கள், பழைய நண்பர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராக. வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது கடைசி வேலை. குரூப்பில் போட்டால் இருநூறு பேரும் மற்ற நூற்றுத்தொண்ணூற்றொன்பது பேரில் யாராவது கொடுப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

குரூப்பில் வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: “அனைவருக்கும் வணக்கம். ஒரு நல்ல காரியத்துக்காக ஓடுகிறேன். உங்களால் முடிந்த உதவியைச் செய்யவும். லிங்க் கீழே.” இதில் யாரும் யாரையும் கேட்கவில்லை. தனியாக ஒருவருக்கு அனுப்புவது இப்படி இருக்கலாம்:

“மாமா, நல்லா இருக்கீங்களா? மூணாவது மாடிக்கு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கும், உங்களுக்கே தெரியும். அடுத்த மாசம் முழுக்க தினமும் இருபது மாடி ஏறி இறங்கப் போறேன். தெருவுல தூங்குறவங்களுக்கு முன்பணம் கட்டி வீடு பிடிச்சுக் கொடுக்கிற ஒரு அமைப்புக்காக. ஒரு குடும்பத்தைக் குடிவைக்க இன்னும் பன்னிரண்டு பேர் வேணும். நீங்க ஒருத்தரா இருப்பீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா போதும். இப்ப முடியலன்னாலும் பரவாயில்ல மாமா.”

பெயர் சொல்லி அழைத்தது, இருவருக்கும் தெரிந்த ஒரு விஷயம், எதற்கு என்பது, எவ்வளவு குறைகிறது என்பது, ஒரு கெடு, மறுக்க ஒரு வழி. இவ்வளவும் அதில் இருக்கிறது. கேள்விக்குறியோடு ஒரு கேள்வியும் இருக்கிறது.

நன்றாகக் கேட்டவர் என்று நான் சொல்வது கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை. புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியது தெரியவந்து, செப்டம்பர் 1-ஆம் தேதி நிறுத்திவிட்டார். நாட்டின் குறுக்கே முழுதாக ஓடி முடிக்கவில்லை. பணம் நிற்கவில்லை. 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டியது, அன்றைய மக்கள்தொகைக்குச் சமமான தொகை. சவாலை முடிக்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமோ என்று பயப்படுகிறவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், போதும்.

கேட்கப் போனால் கேள்விகளும் வரும். “நீ ஓடுறதுக்கு நான் எதுக்குக் காசு தரணும்?” நியாயமான கேள்வி. ஓட்டம் ஒரு சாக்கு, உங்களிடம் வந்து கேட்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். “உழைச்சுப் பிழைக்க வேண்டியதுதானே?” என்பார் இன்னொருவர். வேலைக்குப் போய்க்கொண்டே வீடில்லாமல் இருப்பவர்கள் உண்டு, கூலி சாப்பாட்டுக்குச் சரியாகிவிடும், முன்பணம் சேராது என்று ஒரு வரி சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம். வாதத்தில் ஜெயித்து நன்கொடை வாங்கியவர் யாரும் இல்லை. “பார்க்கலாம்” என்பவர்களில் பாதிப்பேர் நிஜமாகவே மறந்துவிடுகிறவர்கள். ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், கடைசி நாளுக்கு முன் இன்னொன்று. மூன்றாவது வேண்டாம்.

நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஹெச்ஆரிடமும் விசாரியுங்கள். ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாகத் தாங்களும் கொடுக்கும் திட்டம் சில நிறுவனங்களில் இருக்கும், யாரும் கேட்காததால் அப்படியே தூங்கும்.

சவால் நடக்கும் மாதத்தில் வாரம் ஒருமுறை ஒரு தகவல் போடுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணை மட்டும் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். மழையில் நனைந்த ஷூவைக் காயவைத்த கதை, அமைப்பில் வேலை பார்ப்பவர் சொன்ன ஒரு விஷயம் என்று ஏதாவது ஒன்று. கூடவே இலக்கில் எவ்வளவு பாக்கி என்பது.

சவால் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாளுக்குத் துணையாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ், அவசரத் தொடர்பு எண், மருந்து எல்லாம் அவரிடம் இருக்கட்டும். க்யூஆர் கோடை டீஷர்ட்டின் முதுகில் அச்சடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவர்கூட ஸ்கேன் செய்வார். கொளுத்தும் வெயிலென்றால் நேரத்தை மாற்றுங்கள், யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

முடித்த இரண்டு நாளுக்குள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள். குறைந்த தொகை கொடுத்தவருக்கும் அதே நீளத்தில். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, தளக் கட்டணம் எவ்வளவு போனது, அமைப்புக்கு எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கை ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டோடு பக்கத்தில் போடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அமைப்பைக் கூப்பிட்டு, அந்தப் பணத்தில் என்ன நடந்தது என்று கேட்டு, கொடுத்தவர்களுக்கு எழுதுங்கள். பெரும்பாலோர் இந்த வேலையைச் செய்வதே இல்லை. அடுத்த வருடம் அதே ஆட்களிடம் போய் நிற்க முடியாமல் போவதும் இதனால்தான்.

பக்கத்தை முடித்த அன்றே மூடிவிடாதீர்கள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விட்டவர்களின் பெயர்களைக் குறித்து வைத்திருப்பீர்கள். அவர்களுக்கு, “அத்தை, நேத்து முடிச்சுட்டேன், பக்கம் இன்னும் பத்து நாள் திறந்திருக்கும்” என்று ஒரு வரி அனுப்புங்கள். முடித்துக் காட்டட்டும் என்று காத்திருந்தவர்கள் அதில் சிலர் இருப்பார்கள்.